காது மட்டும் விழித்திருந்த இன்பம்

மாதனூரில் இன்பத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. பொறாமைக்காரி என்று தெரியும். அதுவும் சாதாரணப் பொறாமை இல்லை. கம்பெனி பஸ்ஸில் அத்தனை பெண்களுக்கு நடுவே புருஷன் தொங்கிக்கொண்டு வந்தாலும் அவளுக்குக் கவலை கிடையாது. தெருவில் எவளாவது அவனிடம் நின்று சிரித்துப் பேசினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். உலகத்தில் ஒரே ஒருத்தியைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது. அவள் கூடப் பிறந்த தங்கை பியூலா.

ஏன் என்று கேட்டால் ஊரில் ஆண், பெண், சின்னது, பெரியது எல்லாம் ஒரே பதிலைச் சொல்லும்.

"கட்டுவிரியன் கடிச்ச பொம்பள. வெஷம் ஒடம்புலேர்ந்து எறங்கிப் போச்சு. மூளையில மட்டும் கொஞ்சம் தங்கிப் போச்சு."

அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. காலில் அடிபட்டவன் நொண்டுகிறான் என்றால் திட்டுவோமா? அந்த மாதிரி விட்டுவிட்டார்கள்.

இன்பத்தின் புருஷன் ஐசக் எனக்கு ஒன்றுவிட்ட தம்பியின் மகன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் இருந்தான். இன்பம் அதே கம்பெனியில் தையல். அவள் அப்பா வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றே கால் வெந்து போனவர், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா தனபாக்கியம் சத்துணவுக் கூடத்தில் சமைத்து இரண்டு பெண்களையும் வளர்த்தாள். மூத்தவளைக் கொடுத்த வீட்டிலேயே இளையவளும் தங்கி, அக்கா, மாமாவோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தாள். பியூலாவுக்கு அக்காவை விட நிறம் ஜாஸ்தி, பேச்சு கம்மி. அக்கா மகள் ஜெனிஃபா அவள் இடுப்பை விட்டு இறங்காது. அப்போதெல்லாம் சகோதரிகள் இருவரும் ஒரே சீப்பில் தலை வாரியவர்கள்தான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் மழைக்காலம். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த இன்பம் விடிகிற நேரத்தில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தாள். முந்தின நாள் தின்ற பழையது சேரவில்லை என்று ஓமம் வறுத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில், "இன்னாங்க, எனக்கு நீ ரெண்டா தெரியிற" என்றாள். ஐசக் சிரித்தான். அடுத்த நிமிஷம் அவள் இமைகள் இரண்டும் தானாக இறங்கின. விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பேச்சு குழறியது. பியூலா பாயைச் சுருட்டப் போனபோதுதான் அடியிலிருந்து அது நெளிந்து வந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கட்டு. கட்டுவிரியன் கடித்தால் எறும்பு கடித்த வலிகூட இருக்காது என்பார்கள். அதுதான் அதன் மோசம்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் அப்துல் வஹீத் விஷயத்தைக் கேட்டதும் இன்பத்தை ஏற்றிக்கொண்டான்; இருந்தவர்கள் யாரையும் இறக்கவில்லை. ஆம்பூருக்குப் போக வேண்டிய பஸ்ஸை வேலூர்ப் பக்கம் திருப்பிவிட்டான். தையல் பிரிவுப் பெண்கள் பாதிப் பேர் ஜெபம் பண்ண, பாதிப் பேர் துஆ கேட்க, அடித்துக் கொன்ற பாம்பைப் பிளாஸ்டிக் பையில் பிடித்துக்கொண்டு ஐசக் படியில் நின்றான். இன்பத்தின் தலை பியூலா மடியில் இருந்தது. கடைசியாக இமை மூடுவதற்கு முன் அவள் பார்த்தது தங்கை முகத்தைத்தான்.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு மிஷின் வைத்தார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா, "மிஷின்தான் மூச்சு விடுது. பொறுங்க, பாக்கலாம்" என்றார். பொறுக்கிற மாதிரியா இருந்தது? இமை அசையவில்லை, விரல் அசையவில்லை, கிள்ளினால் முகம் சுளிக்கவில்லை. பார்த்துவிட்டு வந்த சொந்தக்காரர்கள், "பொணந்தான். காத்து அடிச்சு வெச்சிருக்காங்க" என்று வெளியே மரத்தடியில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் இன்பத்துக்கு எல்லாம் கேட்டது.

தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது கேட்டது. நர்சுகள் ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டியது கேட்டது. அவள் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தூக்கு என்று சொன்னால் தூக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் பாஸ்டர் ஜெபம் பண்ண வந்தார். அவரை முன்னிட்டு ஐசக், தனபாக்கியம், பியூலா மூன்று பேரையும் சேர்ந்தாற்போல் உள்ளே விட்டார்கள். பாஸ்டர் நீளமாக ஜெபித்துவிட்டுப் போனார். அப்புறம்தான் தனபாக்கியம் பேசினாள்.

"மாப்ள, பெத்த வாயால இத சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியல. இவ போய்ட்டா, அந்தக் கொழந்தைக்கு வெளியில இருந்து ஒருத்தி வரக் கூடாது. பியூலா இருக்கா. ஊரு ஒலகத்துல இல்லாததா?"

இல்லாதது இல்லைதான். எங்கள் ஜனத்தில் அக்கா செத்தால் தங்கையைக் கொடுப்பது பிள்ளைகளுக்காகச் செய்கிற நியாயம். தனபாக்கியத்தின் சொந்தச் சித்தியே அப்படி வந்தவள்தான். ஆனால் எல்லோரும் குழி மூடிய பிறகு பேசுவார்கள். தனபாக்கியம் பதற்றத்தில் முந்திக்கொண்டாள்.

மிஷின் புஸ் புஸ் என்று அடித்தது. பிறகு பியூலா குரல்.

"அம்மா சொன்னா நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்."

அடுத்தது ஐசக் பதில் சொல்ல வேண்டும். இன்பம் காத்திருந்தாள். உடம்பு முழுக்கக் காதாகக் காத்திருந்தாள். மிஷின் சத்தம்தான் வந்தது. பிறகு செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். அவன் வாயிலிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை.

"இல்ல" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அதை அவன் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குள் போய் உட்கார்ந்தது. மருந்தில் பிழைத்தாயா, ஜெபத்தில் பிழைத்தாயா என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு, "ஆத்திரத்துல பொழச்சேன்" என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பார்கள்.

விரல் அசைந்தது, இமை திறந்தது, ஒருநாள் குழாயையும் எடுத்தார்கள். குரல் வந்ததும் முதல் வார்த்தை என்ன சொல்வாள் என்று எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஸ்தோத்திரம் என்பாள் என்று அம்மா நினைத்தாள். பிள்ளை எங்கே என்பாள் என்று ஐசக் நினைத்தான். அவள் கரகரத்த குரலில் கேட்டாள்:

"நான் இல்லாதப்போ பியூலா ஊட்ல எங்க படுத்துகினு இருந்தா?"

தனபாக்கியம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "கர்த்தாவே, வெஷம் தலைக்கேறிடுச்சே!"

அன்றைக்கு ஒட்டிய பேர்தான். இன்பமும் அதைக் கழற்றவில்லை. நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் விஷத்தின் பிதற்றல் என்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அன்றைக்கு என்ன பதில் வைத்திருந்தாய் என்று ஐசக்கைக் கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானே!

வீட்டுக்கு வந்தவள் முதலில் பார்த்தது பிள்ளையை. பிள்ளை பியூலாவை "சின்னம்மா" என்று கூப்பிட்டது. அதுவரை சித்திதான், இப்போது அதில் ஒரு அம்மா நுழைந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது? அடுத்தது அடுப்பு. உப்பு ஜாடி இடம் மாறியிருந்தது. ஐசக் ஒருநாள் தெரியாத்தனமாக, "பியூலா கருவாட்டுக் கொழம்பு நல்லா வெச்சா" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கருவாடு வேகவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் நேராகத் தையல் பிரிவு சூப்பர்வைசர் ரஃபத் ஜஹானிடம் போய் நின்றாள்.

"மேடம், என் தங்கச்சிய வேற யூனிட்டுக்கு மாத்தி உடுங்க."

"ஏம்மா? நல்லா வேல செய்யிற பொண்ணு. யாரோட பேஜார்?"

"அவளுக்கு இந்த பஸ்ஸுல வந்தா தல சுத்துதாம்."

"அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

"அவ எதத்தான் வாயத் தெறந்து சொல்லியிருக்கா? கேட்டா மாட்டேன்னு மட்டும் சொல்ல மாட்டா."

ரஃபத் ஜஹானுக்கு அது புரியவில்லை. பாம்பு கடித்த பெண்ணாயிற்றே என்று மாற்றிக் கொடுத்தார். அதுவும் போதவில்லை. இன்பமே அலைந்து தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தாள். ஊர் தூரமாக இருக்க வேண்டும், பஸ் மாறிப் போகிற ஊராக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஐசக்கை விட மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். கணியம்பாடியில் வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் அப்படி ஒருவன் அகப்பட்டான். உயரம், சுருட்டை முடி, பல்வரிசை. ஊரார், "இன்பத்துக்கு இன்னா பாசம் பாரு, தங்கச்சிக்கு ராஜா மாதிரி புடிச்சிருக்கா" என்றார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு ஐசக் முகத்தையும் பியூலா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவள் இன்பம் ஒருத்திதான்.

அதன்பிறகு பியூலா வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவாள், பொழுதோடு போய்விடுவாள். வந்தால் அடுப்படிப் பக்கம் விடமாட்டாள் அக்கா. ஐசக்குக்கு ஒருமுறை நீலக் கோடு போட்ட சட்டை கொண்டுவந்தாள். மறுவாரம் அது இன்பத்தின் தையல் மிஷினுக்கு எண்ணெய் துடைக்கிற துணியாகக் கிடந்தது. ஐசக் பார்த்தான். பாவம், விஷம் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான். அவன் பேசாமல் இருக்க இருக்க, அவளுக்கு அந்த ஆஸ்பத்திரிச் சாயங்காலம் நீண்டுகொண்டே போயிற்று. தனபாக்கியமும் இரண்டாயிரத்தொன்றில் கண்ணை மூடினாள். மூத்தவளுக்கு மூளை தெளிய வேண்டும் என்பதுதான் அவள் கடைசி ஜெபம்.

இரண்டாயிரத்தேழு டிசம்பரில் ஜெனிஃபாவுக்குச் சர்ச்சில் திடப்படுத்தல். பிள்ளை வெள்ளைப் புடவை கட்டி, பிஷப் கையால் ஆசி வாங்கி, முதல் நற்கருணை எடுத்தது. வீட்டு முன்னால் ஷாமியானா. சமையல்காரர் மக்பூல் அகமதின் பிரியாணி, கத்திரிக்காய் பச்சடி. ரிட்டையர் ஆகியிருந்த ரஃபத் ஜஹான் வந்திருந்தார். கணியம்பாடியிலிருந்து பியூலா மட்டும் வந்தாள். வாழைத்தார் வெட்டு என்று அவள் புருஷன் வரவில்லை. அதற்கும் இன்பம் கணக்குப் போட்டாள்: ஏன் தனியாக வந்திருக்கிறாள்?

ஐசக்கின் அக்கா மகள் கேத்தரினும் வந்திருந்தாள். அவள் எங்கள் குடும்பத்திலேயே அதிகம் படித்தவள். வெளிநாட்டில் ஆராய்ச்சி. சாப்பாடு முடிந்ததும் அவள் லேப்டாப்பில் பனி கொட்டுகிற போட்டோக்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ரிப்பன் ரிப்பனாக, கலர் கலராகச் சுருண்ட ஒரு படம் வந்தது.

"இது இன்னாடி, ஜிலேபியா?" என்றாள் அவள் அம்மா.

"ஐயோ அம்மா! இதான் நான் படிக்கிறது. இன்பம் அத்தைக்குத்தான் இத காட்டணும்னு கொண்டாந்தேன். அத்தை, இங்க வாங்க. ஒங்கள கடிச்சது இது."

எல்லோரும் நெருங்கினார்கள். இன்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பாம்பு எங்க?"

"பாம்பு இல்ல அத்தை, அதோட விஷம். அதுவும் நம்ம ஊரு விரியன் இல்ல, சீனா பக்கத்து விரியன்."

"அப்போ நம்ம விரியனுக்குச் சித்தப்பா மவன் முற ஆவும்" என்றார் கூட்டத்தில் ஒருவர். அது சரியான முறைதான் என்று கேத்தரினும் ஒப்புக்கொண்டாள். பிறகு விளக்கினாள். நம் சதையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கதவும் ஐந்து பேர் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நின்ற மாதிரி. நடுவில் ஒரு வழி. நரம்பின் நுனியிலிருந்து ஒரு சரக்கு வரும். அது இரண்டு பேர் தோள் சேருகிற இடுக்கில் வந்து உட்கார்ந்தால் வட்டம் விலகி வழி திறக்கும், வெளியே இருக்கிற உப்பு உள்ளே பாயும், சதை அசையும். கண் இமைக்கிறதும் மூச்சு இழுக்கிறதும் அப்படித்தான்.

"இந்த விஷத்துக்கு மூணு வெரல் இருக்கு, பாருங்க. ஒரு வெரல அந்த இடுக்குல உட்டுகினு கெட்டியா ஒக்காந்துக்கும். நரம்புல இருந்து ஆள் வரும், வந்து பாக்கும், எடம் இல்ல. கதவு தெறக்காது."

இன்பம் திரையைத் தொடுவதுபோல் குனிந்தாள். "வர வேண்டியவ எடத்துல இன்னொருத்தி குந்திகினு இருக்கா. அதானே?"

"கரெக்ட் அத்தை! எங்க புரொபசர்கூட இவ்ளோ ஈஸியா சொல்லல."

"இத எப்பிடி போட்டோ புடிச்சாங்க?" என்று ரஃபத் ஜஹான் கேட்டார்.

"ரெண்டையும் சேத்து கல்கண்டு மாதிரி கட்டியாக்கி எக்ஸ்ரே அடிப்பாங்க, ஆன்ட்டி. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரோட பாதியத்தான் விஷத்தோட சேத்து புடிச்சிருக்காங்க. இந்த வருசந்தான் வந்துச்சு. மீதிய நாங்க வேற படத்த வெச்சுப் பொருத்திப் பாக்குறோம். விரியன்கிட்ட இன்னொரு விஷமும் இருக்கு, நரம்பு நுனியையே கெடுக்கும். அதனாலதான் அத்தை எந்திரிக்க அத்தன நாள் ஆச்சு."

"அப்போ இது மூளைக்கு ஏறினா?"

"இது மூளைக்குப் போவாது ஆன்ட்டி. சதைகிட்டதான் வேல. அசைய முடியாது, அவ்ளோதான். நெனப்பெல்லாம் இருக்கும். காது நல்லா கேக்கும். பொணம் மாதிரி கெடந்துட்டு எழுந்து, பக்கத்துல யாரு இன்னா பேசினாங்கன்னு அப்பிடியே சொன்னவங்கலாம் இருக்காங்க."

ரஃபத் ஜஹான் சிரித்துவிட்டார். "யா அல்லா! மூளைக்குப் போவலியா? அப்போ இன்பத்துக்கு இந்தப் பொறாம எங்கேர்ந்து வந்துச்சு?"

ஷாமியானாவே சிரித்தது. மூன்று பேர் சிரிக்கவில்லை. ஐஸ்கிரீம் தட்டோடு நின்ற பியூலா தட்டை அப்படியே நாற்காலியில் வைத்தாள். ஐசக் இன்பத்தைப் பார்த்தான். இன்பம் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் பின்னால் பிரியாணி அண்டாக்கள் ஊறிக் கிடந்த இடத்துக்கு ஐசக் அவளைத் தேடி வந்தான்.

"நீ கேட்டுகினு இருந்தியா?"

"எல்லாத்தையும்."

"இத்தினி வருசம் ஏன் சொல்லல?"

"நீ அன்னிக்கி ஏன் சொல்லல? எங்கம்மா கேட்டா, எந்தங்கச்சி சரின்னா. நீ இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அதான் தெரியுமே!"

"சொல்ல வாய் வரல இன்பம். தலைய ஆட்டினேன். முடியாதுன்னு ஆட்டிட்டு வெளிய போய்ட்டேன்."

இன்பம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணு மூடிக் கெடந்தவளுக்கு நல்ல பதிலு. தலைய ஆட்டினாராம். அது எப்பிடி எங்காதுல உழும்?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையை அவள் நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நான்கு பேர். ஒருத்தி கல்லறையில். ஒருத்திக்குக் கண் திறக்கவில்லை. ஒருவன் சொல்வது அவனுக்கே சாதகம். மிச்சம் ஒருத்திதான். யாரை அடுப்படிப் பக்கம்கூட விடக் கூடாது என்று இருந்தாளோ, அவளிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

பியூலா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஐசக் சைக்கிளில் கொண்டுபோய் விடுவான்; அதைக்கூட இன்பம் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. அன்றைக்கு அவளே ஒரு தூக்கில் பிரியாணியை அமுக்கி எடுத்துக்கொண்டு, "நான் வர்றேன் நட" என்றாள். ஹைவே வரை இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் நின்றதும் இன்பம் கேட்டாள்.

"அன்னிக்கி அவரு இன்னா செஞ்சாரு?"

எந்த அன்றைக்கு என்று பியூலா கேட்கவில்லை.

"தலைய ஆட்டினாரு. முடியாதுன்னுட்டு போய்ட்டாரு."

"அவரு சொல்லிக் குடுத்தாரா?"

பியூலாவுக்குப் பிறந்ததிலிருந்து வராத கோபம் வந்தது.

"சொல்லிக் குடுக்கணுமா? எனக்கு மறக்குமா அது? நான் வாயத் தெறந்து சரின்னு சொல்லி நிக்கிறேன். என் மூஞ்சியக்கூட பாக்காம தலைய ஆட்டிட்டு போய்ட்டாரு. பொணம் மாதிரி கெடந்தக்கா நீ. மூக்குல கொழாய், வாயில கொழாய். அப்பவும் நீதான் வேணும்னாரு. ஒன்ன பாத்து எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா? ஒரு பொணத்துகிட்ட தோத்துப் போனேனேன்னு பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம் நீ எழுந்து என்னிய தொரத்தித் தொரத்தி அடிச்ச. இவளுக்கு இன்னா கொறன்னு நான் நெனச்சிகினு இருந்தேன்."

இன்பம் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றாள். லாரிகள் போயின. அவள் முகத்தில் எதுவோ இளகிய மாதிரி இருந்தது. பிறகு திரும்பினாள்.

"அப்போ ஒனக்கு ஆச இருந்துச்சு."

"இருந்துச்சு. ஒரு சாயங்காலம். போதுமா? நீ புடிச்சுக் குடுத்த சுருட்டமுடிக்காரனோட நல்லாத்தான் இருக்கேன்."

தங்கை அழுதாள். அக்கா முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். சின்ன வயதில் துடைத்தது போலவே, கொஞ்சம் முரட்டுத்தனமாக. "பொங்கலுக்கு வா. தங்கிட்டுப் போ. புள்ள ஒன்ன கேக்குது" என்றாள். தூக்கைக் கையில் கொடுத்தாள். வேலூர் பஸ் வந்தது. பியூலா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதப் போகிற நேரத்தில் இன்பம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பியூலா, இத மட்டும் சொல்லிட்டுப் போ. அவரு ஒடனே தலைய ஆட்டினாரா, கொஞ்சம் யோசிச்சிட்டு ஆட்டினாரா?"

"ஒடனேக்கா!"

"ஒடனேன்னா?"

"ஒடனேதான்! நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள! கைய எடு, பஸ்ஸு கெளம்புது!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இன்பம் கையை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐசக் வாசலிலேயே நின்றிருந்தான். "இன்னா சொன்னா?" என்று கேட்கப் பயந்து, "பஸ்ஸு கெடச்சுதா?" என்று கேட்டான்.

"கெடச்சுது. பொங்கலுக்கு வர்றா." இன்பம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. தட்டில் பிரியாணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் தின்றாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நீ ஒடனே தலைய ஆட்டினதா சொல்றா. ஆனா நான் கேட்டப்போ அவ ஒடனே சொல்லிட்டா. யோசிக்கவே இல்ல. அதான் எனக்கு ஒதைக்குது."